புளி தட்டிய வட்டத்தில் ஒரு பிரெஞ்சுத் தொடர்

1983ஆம் ஆண்டு மாசி மாதம், மலைமேல் புதூர்நாட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில் நிகழ்ந்தது இது. வேலூரில் இலக்கியம் பயின்றுவந்த எனக்கு அப்போது பிரெஞ்சு இரண்டாம் மொழி. காது கேளாதோருக்காகச் சமவெளியில் எழுதப் படிக்கக் கற்பிக்கும் விடுதி நடத்திவந்த பிரெஞ்சுப் பெண்மணி ஒருவருக்கு மொழிபெயர்க்க, ஜீப்பில் உடன் சென்றிருந்தேன். சமத்துவம், சேர்த்துக்கொள்ளல், விலக்கிவைத்தல் என அவர் பேசக்கூடியவற்றுக்கெல்லாம் இரு மொழிச் சொற்களையும் எதிரெதிரே எழுதிய குறிப்பேடு என் கையில் இருந்தது.

மரத்தடியில் எட்டுப் பெண்கள் வட்டமாக அமர்ந்து புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் என் வயதொத்த ஒருத்திக்குப் பிறவியிலேயே காது கேளாது. அவளை விடுதிக்கு அழைத்துச் செல்லவே வந்திருந்தோம். நான் வட்டத்துக்குள் அவளுடைய தாயின் எதிரே அமர்ந்து விளக்கத் தொடங்கினேன்.

ஒரு பெண் என் தோளைத் தொட்டார். “இன்னாம்மா, அவளுக்கு முதுகக் காட்டிக்கினு ஒக்காந்துட்டீங்க? கொஞ்சம் நவுருங்க.”

அப்போதுதான் கவனித்தேன். நிழல் ஒரு பக்கம்தான் இருந்தது. அதில் நெருங்கி அமராமல் பாதிப் பேர் வெயிலில் இருந்தார்கள். யாருடைய முகமும் கையும் அவளுக்கு மறையக் கூடாதென்றே அந்த வட்டம். வாயோடு சேர்ந்து கைகளும் பேசின. யாரோ என் குறிப்பேட்டைக் கேலி செய்ய, முதலில் சிரித்தவள் அவள்தான்.

நகர்ந்தமர்ந்து, தாயிடமே மீண்டும் கேட்டேன்.

“எங்கிட்ட இன்னாத்துக்குக் கேக்குறீங்க? போறவ அவ. அவளக் கேளுங்க.”

எனக்குக் கையால் பேசத் தெரியாது. “பரவால்ல, நாங்க சொல்றோம்” என்றார் பக்கத்திலிருந்தவர். மொழிபெயர்க்கச் சென்றவளுக்கே மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது.

அவர்கள் கையால் கேட்டதை அவள் பார்த்தாள். பிறகு விரல்களில் ஒட்டிய புளியைத் துடைத்துவிட்டுக் கைகளால் சொன்னாள். புளி வேலை முடிந்ததும் வருவாள். எழுதப் படிக்கக் கற்பாள். சாமை விதைப்புக்குத் திரும்பிவிடுவாள். அதுவரை வட்டத்தில் அவள் இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

“ஒன் எடத்துல யாரு ஒக்காரப் போறா? போய்ட்டு வா” என்றார் தாய், கையாலும் வாயாலும்.

இவர்களிடையே அவளுக்கு என்ன நிலை என்று பிரெஞ்சுப் பெண்மணி என்னிடம் கேட்டார். ‘குறையுள்ளவள்’ என்பதற்கான சொல் குறிப்பேட்டில் இருந்தது; அதை நான் எடுக்கவில்லை. ‘மாம்ப்ர் ஆ பார் ஆந்தியேர்’ என்றேன். எல்லா உரிமையும் உடைய முழு உறுப்பினர் என்று பொருள். தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்த அத்தொடரைப் பிரெஞ்சு அறியாத எட்டுப் பெண்கள் எனக்குக் கற்பித்திருந்தார்கள்.

இன்றும் எந்தக் கூட்டத்தில் அமர்ந்தாலும், என் முதுகு யாருக்கேனும் எதையேனும் மறைக்கிறதா என்று திரும்பிப் பார்த்த பின்னரே பேசத் தொடங்குகிறேன்.