சத்தமில்லாமல் பாடிய பாட்டு

எங்கள் வீட்டில் இருந்தது நானும் அம்மாவும், இரண்டே பேர். அப்பா தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகிறவர். போனால் திரும்ப மாதக்கணக்காகும். அம்மா தூத்துக்குடியில் ஒரு பஞ்சாலையில் நூற்புப் பகுதியில் வேலை பார்த்தாள். காலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே போய்விடுவாள். பள்ளி இல்லாத நாட்களில் நான் வீட்டுக்குக் காவலா, வீடு எனக்குக் காவலா என்று தெரியாது.

ஆலைக்குள் எந்திரங்கள் போடுகிற இரைச்சலில் யாரும் வாய்விட்டுப் பேச முடியாது. அதனால் அங்கே பெண்கள் குரல் கொடுக்காமல் வாயை மட்டும் அசைத்துப் பேசுவார்கள். எதிரே நிற்பவள் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். மாமியார் சண்டையிலிருந்து மத்தியானக் குழம்பு வரை எல்லாம் இப்படித்தான் நடக்கும். அம்மா அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். சாப்பிடுகிறாயா என்று அவள் உதடு கேட்கும், பசிக்கவில்லை என்று என் உதடு சொல்லும். “ஆளு இருக்க வீடா இது? ஒரு சத்தத்தையும் காணோம்” என்பாள் பக்கத்து வீட்டு அத்தை.

எனக்கு அம்மாமேல் ஒரு குறை இருந்தது. முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டாள். இரண்டு தடவை, மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, இவளுக்கு நான் ஒரு பொருட்டே இல்லை என்று முடிவுகட்டிக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துவிடுவேன். அங்கேயும் பேச ஆள் கிடையாது. அந்த வயதில் அவ்வளவு தனிமை யாருக்கும் ஆகாது.

ஐந்தாம் வகுப்பில் ஆண்டுவிழாவுக்குத் தனியாகப் பாட என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். கடலைப் பற்றி டீச்சரே எழுதிய பாட்டு, மூன்று சரணம். இதையாவது அம்மா காது கொடுத்துக் கேட்கவேண்டும், கேட்டு அசந்துபோகவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. அவளும் தினமும் ஆலைவிட்டு வந்து, தலையில் பஞ்சுத் தூசி ஒட்டியபடியே என் எதிரில் உட்கார்ந்தாள். “ஏளா, அங்கன இங்கன பாக்காத. என் மூஞ்சியப் பாத்துப் பாடு. வாய நல்லாத் தொற” என்பாள். பாட்டு முழுவதும் அவளுக்கே மனப்பாடமாகிவிட்டது.

விழா அன்று அரைநாள் விடுப்பு எடுத்து வந்து அம்மா முன்வரிசையில் இடம் பிடித்திருந்தாள். மேடையில் இருந்த மைக் பெரியவர்களுக்கானது. அதை இறக்க முடிந்த மட்டும் இறக்கியும் என் முகத்துக்கு நேரே, வாயை மறைத்துக்கொண்டு நின்றது. நான் முதல் வரியைத் தொடங்கியதும் அம்மா எழுந்தாள். இடது பக்கம் நகர்ந்தாள். பிறகு வலது பக்கம் வந்தாள். அதுவும் போதாமல் மேடையோரத்துக்கே வந்து கழுத்தை நீட்டி என்னை உற்றுப் பார்த்தாள்.

“ஏம்மா, உக்காருங்க. பின்னால உள்ளவங்களுக்கு மறைக்கிதுல்லா” என்றார் ஒரு வாத்தியார். அம்மா அசையவில்லை. அவர் மறுபடியும் சொன்னார். பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள்.

மானம் போனது. இரண்டாவது சரணத்தில் என் குரல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை. எங்கள் வீட்டு வாய் அல்லவா, குரல் இல்லாமலும் அதுபாட்டுக்கு ஓடும். ஆர்மோனியம் மட்டும் தனியாக வாசித்துக்கொண்டிருந்தது. மைக்செட் அண்ணாச்சி ஓடிவந்து ஒயரைப் பிடுங்கி மாட்டினார், திருகினார், “அலோ, அலோ” என்றார். அவருடைய அலோ நன்றாகவே கேட்டது. மூன்றாவது சரணத்தையும் நான் அப்படியே உதட்டிலேயே பாடி முடித்துக் கும்பிட்டேன். கூட்டம் விழித்தது. அம்மா ஒருத்திதான் கைதட்டினாள்.

வீட்டுக்கு நடக்கும்போது என் முகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “ஏளா, மூணு சரணமும் முழுசாப் பாடிட்ட. ஒரு வரிகூட விடல.”

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கோ, பரிகாசம் செய்கிறாள் என்று உடம்பெல்லாம் எரிந்தது. கையை உதறிவிட்டுப் பின்தங்கி, “பொய் சொல்லுத. நீ கேக்கவே இல்ல” என்று கத்தினேன். சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். அம்மா திரும்பாமல் நடந்துகொண்டிருந்தாள்.

எந்திரங்களுக்கு நடுவே நின்று நின்று அம்மாவின் காது அநேகமாகப் போயிருந்தது. தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்று அப்பாவைத் தவிர யாரிடமும் சொல்லாமல், என்னிடமும் சொல்லாமல், உதடுகளைப் பார்த்தே காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். இதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகு அப்பா சொல்லித் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் கோபம்தான். மூன்று நாள் அம்மாவோடு பேசவில்லை, உதட்டைக்கூட அசைக்கவில்லை. சோறு போடும்போதும் தலை பின்னும்போதும் அவள் குனிந்து குனிந்து என் வாயையே பார்த்தாள். கெஞ்சுகிறாள், நன்றாகக் கெஞ்சட்டும் என்று நினைத்து நான் இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன்.