மாதேஸ்வரி கேட்கும் நகல்

கடைக்குள் நுழையும் முன் மாதேஸ்வரி செருப்பைக் கழற்றிவிடுவாள். பாகலூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கும் அந்த பிரவுசிங் சென்டரில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. "இதென்ன கோயிலாக்கா?" என்று கடைக்காரன் சிவராஜ் பலமுறை கேட்டுவிட்டான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. துணிப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுப்பாள். அதற்குள் அவள் கணவன் அசோக்குமாரின் பான் கார்டு ஜெராக்ஸும் ஆதார் ஜெராக்ஸும் இருக்கும். "தம்பி, அந்த இன்கம்டாக்ஸ் லெட்டரு காப்பி ஒண்ணு எடுத்துக் குடு" என்பாள், என்னவோ இன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்க வந்தவள் மாதிரி.

"ஓடிபி இல்லாம தொறக்காதுக்கா. அது அண்ணன் போனுக்குத்தான் போவும்."

"போவட்டும். நீ அனுப்பு."

இந்த வசனம் மாதாமாதம், சம்பளம் போட்ட மறுநாள், வரி மாறாமல் நடக்கிறது. சிவராஜும் வரும் ஆட்களை விட்டுவிட்டு அவளுக்காக அந்த வலைத்தளத்தைத் திறக்கிறான். ஒருவர் கணக்கை இன்னொருவர் திறப்பது தப்பு என்று அவனுக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்தால் முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வருவதில்லை.

மாதேஸ்வரிக்கு ரோஜாத் தோட்டத்தின் பேக்கிங் ஷெட்டில் வேலை. பாலித்தீன் கூடாரங்களிலிருந்து வெட்டி வரும் ரோஜாக்களைக் காம்பின் நீளம் பார்த்துத் தரம் பிரிப்பாள், கீழ் இலைகளை உருவுவாள், கட்டாகக் கட்டி அட்டை சுற்றித் தண்ணீர் வாளியில் நிறுத்துவாள். விரல்களில் எப்போதும் பிளாஸ்திரி. ஷெட்டில் கன்னடத்தில் வேலை வாங்குவாள், தெலுங்கில் கிண்டல் செய்வாள், கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு வந்துவிடுவாள். நாளெல்லாம் ரோஜாவில் புரண்டாலும் தலையில் ஒன்றுகூட வைத்துக்கொள்ளமாட்டாள். சிவராஜ் கடைக்கு வருகிற அன்று மட்டும் முகம் கழுவி, பவுடர் போட்டு, கடையில் கனகாம்பரம் வாங்கி வைத்துக்கொள்வாள்.

"ஓடிபிக்கு எதுக்கும்மா பவுடரு?" என்று கேட்டாள் மகள் ஹரிணி. நர்சிங் படிக்கிறவள், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. மாதேஸ்வரி சிரித்துவிட்டுக் கண்ணாடியை இன்னொரு தரம் பார்த்துக்கொண்டாள்.

அசோக்குமார் ஓசூர் சிப்காட்டில் மெஷின் ஆபரேட்டராக இருந்தவன். வரி பிடிக்கிற அளவுக்குச் சம்பளம் வாங்கியவன் என்று அவளுக்கு இன்றைக்கும் பெருமை. கம்பெனியை மூடியபிறகு வீட்டில் உட்கார்ந்தான். சண்டை எதுவும் இல்லை, அதுதான் வினோதம். சோறு போட்டால் பாதியில் எழுந்துவிடுவான். "பொண்டாட்டி சம்பளத்துல திங்கறன், எறங்க மாட்டேங்குது" என்று ஒருநாள் சொன்னான். பிறகு நரசாபுரம் பக்கம் வேலை இருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று கர்நாடகா பஸ் ஏறினான். கொஞ்ச காலம் போன் வந்தது. "வேலை செட் ஆவட்டும், வந்துடறன்" என்றான். அப்புறம் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று கன்னடத்தில் ஒரு பெண் குரல்தான் சொன்னது. வருஷங்கள் ஓடிவிட்டன. இவள் மட்டும் தன் நம்பரை மாற்றவில்லை. ஆஃபர் தருகிறோம் என்று எத்தனை பேர் வந்து கேட்டும் மாற்றவில்லை.

அப்படி இருக்கையில்தான் வருமான வரி அலுவலகத்திலிருந்து அவன் பெயருக்கு ஒரு தபால் வந்தது. முழுக்க இங்கிலீஷ். சூப்பர்வைசர் ரேவதியிடம் காட்டிக் கேட்கலாம் என்று ஷெட்டுக்கு எடுத்துப் போனாள். குனிந்த வேகத்தில் இடுப்பில் செருகியிருந்த கடிதம் ரோஜா வாளிக்குள் விழுந்தது. பதறி எடுத்தவள் கை தன் பழக்கத்தில் போய்விட்டது. மேஜை துடைக்கிற ஈரத் துணியைப் பிழிவது போல அதை முறுக்கிப் பிழிந்துவிட்டாள். கடிதம் கூழாகிப்போனது. கவரில் இருந்த விலாசத்துண்டு மட்டும் மிஞ்சியது. "பிழிஞ்சிட்டியேடி பாவி" என்று ரேவதி தலையில் அடித்துக்கொண்டாள்.

நகல் எடுக்கலாம் என்று யாரோ சொல்லித்தான் சிவராஜ் கடைக்கு வந்தாள். அவன் என்னவோ தட்டினான். திரையில் ஒரு செய்தி வந்தது. ஆதாரில் இணைத்த கைப்பேசிக்கு ரகசிய எண் அனுப்பப்பட்டுள்ளது. கைப்பேசி எண்ணில் கடைசி நாலு மட்டும் தெரிந்தது, மற்றதெல்லாம் நட்சத்திரக் குறி. 4178. அவளுக்குத் தெரிந்த பழைய நம்பர் அது இல்லை.

"புது நம்பரு சேர்த்திருக்காரு போலக்கா."

மாதேஸ்வரி திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். "தம்பி, இப்ப இது அவரு கையில சத்தம் போட்டிருக்குமா?"

"போட்டிருக்கும்."

அன்றைக்கு அவள் நகல் இல்லாமல்தான் வீட்டுக்குப் போனாள். ஆனால் கால் தரையில் பாவவில்லை. ஆள் உயிரோடு இருக்கிறான். எங்கேயோ ஒரு சட்டைப் பையில் அவள் அனுப்பிய சத்தம் கேட்டிருக்கிறது. அதைவிட முக்கியம், வரி ஆபீசில் விலாசத்தை அவன் மாற்றவில்லை. "இன்னும் நம்ம வூடுதான் அவருக்கு அட்ரஸு, பாத்தியா?" என்று ஹரிணியிடம் அந்தத் துண்டைக் காட்டினாள்.

"அந்த நாலு நம்பரைப் போலீஸ்ல குடுத்தாலே புடிச்சிருவாங்கம்மா."

"புடிச்சிக்கிட்டு வர அவரு என்ன ஆடா? தானா வரணும்."

அந்தக் கடிதம் அனேகமாகக் கணக்கு தாக்கல் செய்யச் சொல்லும் வழக்கமான நினைவூட்டல்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று சிவராஜ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். "இருந்தாலும் கவர்மெண்டு லெட்டரு. அவரு மேல எதாச்சும் வந்துட்டா?" என்பாள். அந்தக் கவலையும் பொய்யில்லை. ஆனால் எண் போய்ச் சேர்ந்தது என்று திரை சொன்னதும் அவள் முகத்தில் வருகிற வெளிச்சத்தை அவன் பார்க்கிறானே. திரையின் ஓரத்தில் நேரம் குறைந்துகொண்டே வரும். போனை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்ப்பாள். "இப்ப எடுத்திருப்பாரு. கண்ணு சரியாத் தெரியாது, கையை நீட்டி வெச்சித்தான் படிப்பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். நேரம் தீர்ந்து திரை மங்கியதும் கவரை மடித்து வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். அந்த முதுகைப் பார்க்க சிவராஜுக்குப் பிடிப்பதில்லை.

போன சனிக்கிழமை மழை. ஷெட்டிலிருந்து நனைந்தபடி வந்தாள், கனகாம்பரம் வாடியிருந்தது. எண் போனது. நேரம் குறைய ஆரம்பித்தது. பாதி நேரம் போயிருக்கும், மடியில் இருந்த போன் அடித்தது. பெயரில்லாத எண். முன்னால் இருந்ததை அவள் பார்க்கவே இல்லை, கடைசி நாலைத்தான் பார்த்தாள். 4178.

எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் லாரி ஹாரன், யாரோ கன்னடத்தில் கூப்பிடும் சத்தம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஓர் ஆண் குரல், "எழுதிக்க" என்றது.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதினாள். குரல் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஆறு எண்களும் பிளாஸ்திரி விரல்களுக்குக் கீழே வரிசையாக வந்து உட்கார்ந்தன. குரல் நின்றது. போன் மட்டும் வைக்கப்படவில்லை.

"சொல்லுக்கா, டைம் போவுது" என்று கீபோர்டில் விரலை வைத்துக்கொண்டு சிவராஜ் அவசரப்பட்டான்.

மாதேஸ்வரி உள்ளங்கையை இறுக மூடிக்கொண்டாள்.

"சரியாக் கேக்கலீங்க," என்றாள் போனில். "முதல்லருந்து மெதுவா சொல்லுங்க."