சாதி இல்லை என்ற சான்றிதழ்

ஒருவனுக்குச் சாதி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அவனைச் சாதியால் ஒதுக்கியவர்கள் நிரபராதிகள் ஆகிவிடுவார்களா? சுவிசேஷமுத்துவின் வழக்கில் நீதிமன்றம் ஏறக்குறைய ஆம் என்றது.

தாம்பரத்தில் மத்திய அரசுக் கிடங்கு ஒன்றின் அலுவலகத்தில் 1953 முதல் அவர் குமாஸ்தா. கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வருவார். வேலையில் பிழை கிடையாது. பேச்சில் சுவாரசியமும் கிடையாது. தாகமெடுத்துப் பானையை நோக்கி எழுந்தால் பியூன் குப்புராஜ் ஓடி வருவார்.

“நீ ஏன் சார் எய்ந்து வந்துகினு? குந்து, நான் ஊத்தறேன்.”

உயரத் தூக்கி, குவளையில் படாமல் ஊற்றுவார். பதினோரு வருடம் அதை மரியாதை என்றே சுவிசேஷமுத்து எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்வது வசதியாகவும் இருந்தது. 1964இல் புதிதாக வந்த குமாஸ்தா ஒருவர் தானே பானையில் மொண்டு குடித்தார். குப்புராஜ் அசையவில்லை.

அதன்பின் சுவிசேஷமுத்துவுக்கு இளையவர்கள் மூவர் தலைமைக் குமாஸ்தா ஆனார்கள். அவருக்கு மூன்று முறையும் ஒரே குறிப்பு வந்தது: ‘சக ஊழியர் இவருக்குக் கீழ்ப்படியத் தயங்குவர்.’ ஏன் தயங்குவார்கள் என்று சூப்பரிண்டெண்ட் ஸ்ரீநிவாசனிடம் கேட்டார்.

“அதை நான் வேற சொல்லணுமா?”

“ஜாதிதானே சார்?”

“ஜாதியா? நீர் கிறிஸ்டியன் ஓய்! இந்த ஆபீஸ்லயே ஜாதி இல்லாத ஒரே ஆசாமி நீர்தான்.” அறை முழுதும் சிரித்தது.

1969இல் அவர் உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார். சம்பளத்தைவிட, அந்தத் தயக்கத்தின் பெயரை அரசாங்கத் தாளில் எழுத வைக்க வேண்டும் என்பதே அவருக்கு முக்கியம். வக்கீல் யக்ஞநாராயணன் பாதிக் கட்டணத்தில் வாதாடினார்.

இலாகா ஒரு காரியம் செய்தது. மனுதாரருக்குச் சாதி உண்டா என்று அவருடைய சபைப் போதகர் தேவானந்தத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டது. போதகர் நல்லவர். நல்லவர்கள் செய்யக்கூடிய தவறையே செய்தார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சுவிசேஷமுத்துவை நிறுத்திப் பெருமையாகச் சொன்னார்:

“எங்க சபையில ஜாதியே கிடையாதுன்னு முத்திரை குத்தி அனுப்பிட்டேன். இனிமே எவன் உங்களைத் தாழ்த்திப் பேசுவான்?”

“ஐயா, என்னைக் கேட்காமலா?”

“உண்மையை எழுத உங்களைக் கேட்கணுமா?”

அவர்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் கல்லறைத் தோட்டம் தெரியும். நடுவே கள்ளிவேலி. சுவிசேஷமுத்துவின் தகப்பன் வேலிக்கு அந்தப் பக்கம் புதைக்கப்பட்டிருந்தார். போதகரின் சொந்தக்காரர்கள் இந்தப் பக்கம்.

சான்றிதழ் இலாகாவின் பதில் மனுவோடு வந்தது. சாதியே இல்லாதவரைச் சாதி பார்த்து ஒதுக்கினோம் என்பது எப்படிப் பொருந்தும் என்று கேட்டார்கள். 1971இல் மனு தள்ளுபடியானது. தர்க்கத்தில் குறையில்லை, தர்க்கம் பானைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்ப்பதில்லை.

“அப்பீலுக்கு முப்பது நாள் இருக்கு,” என்றார் வக்கீல். “அந்த வேலியைக் கோர்ட்டுக்குக் கொண்டு வந்துடணும். உங்கப்பா எங்க கிடக்கார், ஏன் அங்க கிடக்கார்னு ஒரு அபிடவிட். சபைக்குள்ளேயே ஜாதி இருக்குன்னு நீங்க சொன்னா சர்டிபிகேட் செத்துது. கையெழுத்து மட்டும் போடுங்கோ.”

தட்டச்சு செய்த தாளைச் சுவிசேஷமுத்து வீட்டுக்குக் கொண்டு போனார். பள்ளி ஆசிரியையான மனைவி ரத்தினபாய் படித்துவிட்டு, “ஒரு வரியும் பொய்யில்லையே. போட்டுடுங்க,” என்றாள். வழக்கு தொடங்கியதிலிருந்து அலுவலகத்தில் யாரும் அவரோடு பேசுவதில்லை. இழக்க அங்கே மிச்சம் எதுவும் இல்லை. போதகரிடம் அவருக்குப் பிரியமும் இல்லை. அவர் பயந்துவிட்டார் என்று பின்னாளில் சிலர் சொன்னார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் அரசாங்கத்தை எதிர்த்துத் தனியாக நின்றவரைப் பற்றி அப்படிச் சொல்வது சோம்பேறித்தனம்.

இருபத்தொன்பதாம் நாள் லீவு போட்டுவிட்டு சென்னைக்குப் போனார். யக்ஞநாராயணன் பேனாவைத் திறந்து நீட்டினார். சுவிசேஷமுத்து அதை வாங்கவில்லை. “அவங்க எழுத வேண்டியதை நான் எழுதிக் கொடுக்கணுமா சார்?” என்று கையெழுத்தில்லாத தாளை மேசைமேல் வைத்து, கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.