துரை காட்டிய நாற்காலி

சர்க்கார் என்பது ரப்பர் தோட்டத்துக் கித்தா மரங்களுக்கு அப்பால் எங்கோ இருக்கும் ஒரு பெரிய வீடு என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அந்த வீட்டைச் சுற்றி வராந்தா உண்டு. உள்ளே எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள்; யாரும் யாரையும் அதட்டமாட்டார்கள். விடியற்காலையில் மரங்களுக்கிடையே பனி இறங்கி நிற்கும்போது, அது விலகினால் அந்த வீடு தெரியும் என்று வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பனி விலகும், மரங்கள்தான் தெரியும். இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் போலிருக்கிறது என்று சமாதானம் செய்துகொள்வேன்.

இந்த மயக்கத்தை எனக்கு ஏற்றிவிட்டவர் அம்மாவின் தம்பி. மதராசில் பி.ஏ. படித்துவிட்டுக் கப்பலேறி மலாய் நாட்டில் இருந்த எங்களிடம் வந்திருந்தார். யோங் பெங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்பா கிராணி, அதாவது ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். மாமாவையும் தோட்டத்து வேலையில் சேர்த்துவிடலாம் என்று அப்பா துரையிடம் கேட்டுப் பார்த்தார். ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். இருக்கிற ஆளையே குறைக்கப் பார்க்கிறேன், இதில் பி.ஏ. வேறா என்று துரை சொல்லிவிட்டார். மாமா ஒவ்வொரு சர்க்கார் இலாகாவுக்கும் மனுப் போட்டார். பதில் வருவதாக இல்லை. இனிக் கப்பலேறித் திரும்ப வேண்டியதுதான் என்று பேச்சு வந்தபோது அம்மா சாப்பிடுவதைக் குறைத்துவிட்டாள். "அவனும் போயிட்டா இந்த ஊர்ல எனக்குன்னு யாரு இருக்கா" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்வாள். அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான்.

அந்த நேரத்தில்தான் பத்து பகாட் என்ற ஊரிலிருந்து அழைப்பு வந்தது. தோட்டங்களுக்குப் போய்த் தொழிலாளர் குறைகளை விசாரிக்கிற இலாகாவில் தமிழ் தெரிந்த பட்டதாரி ஒருவர் வேண்டுமாம். வெள்ளைக்கார துரை நேரில் பார்த்துப் பேசுவாராம்.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒத்திகை தொடங்கியது. அரிசிப் பெட்டிமேல் நான் ஏறி உட்கார்ந்துகொள்வேன், நான்தான் துரை. மாமா கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்து குட்மார்னிங் சொல்வார். நான் கையை நீட்டி, "சிட் டவுன்" என்பேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் அதுதான். மாமா முக்காலியில் முதுகை நிமிர்த்தி உட்காருவார். அந்தச் சமயம் பார்த்து அப்பா அந்தப் பக்கம் வந்துவிட்டால் போதும், துள்ளி எழுந்து நின்றுவிடுவார். அக்காள் புருஷன் நிற்க அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. தன்னைப் படிக்க வைத்தவர் என்ற மரியாதை வேறு.

அப்பாவுக்கு இது பெரிய கவலையாகிவிட்டது. தோட்டத்தில் துரை முன்னால் நம்மவர்கள் யாரும் உட்காருவது கிடையாது. துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும், குடையை மடக்க வேண்டும். ஆபீசுக்குள் போகும்போது செருப்பு படிக்கட்டோடு நின்றுவிடும். அப்பா தலைமயிர் நரைக்கும் வரை அப்படியே இருந்தவர். "சர்க்கார் துரை ஒக்காரச் சொன்னா சட்டுனு ஒக்காந்துரு தம்பி. தோட்டத்து ஆளாட்டம் நின்னுக்கிட்டு இருந்தா குமாஸ்தா வேலைக்குக்கூட எடுக்க மாட்டாங்க" என்று படித்துப் படித்துச் சொன்னார். தான் கூட இருந்தால் மாமா உட்காரமாட்டார் என்பதால், தான் உள்ளே வராமல் வராந்தாவோடு நின்றுகொள்வதாகவும் சொல்லிவிட்டார்.

அம்மாவுக்குக் கவலை வேறு மாதிரி. நல்ல காரியத்துக்குப் போகிறவனுக்கு எதிரே கன்னிப்பெண் நிறைசொம்போடு வந்தால் காரியம் பலிக்கும். வீட்டு வாசலில் ஒருமுறை அப்படி வந்தால் போதாதா என்று அப்பா கேட்டார். பத்து பகாட் போய்ச் சேர்வதற்குள் வழியில் எத்தனை கெட்ட சகுனம் வருமோ என்று அம்மா பதில் சொன்னாள். கடைசியில் பித்தளைச் சொம்பும் நானும் கூடவே அனுப்பப்பட்டோம். "மாமா உள்ள போறப்ப நீ எதுக்க வரணும், மறந்துறாத" என்று அம்மா என் தலைக்குப் பூ வைத்துக்கொண்டே சொன்னாள்.

பஸ்ஸில் பாதி வழி தூங்கினேன். விழிக்கும்போதெல்லாம் மரங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. பனிக்குள்ளிருந்து கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து வீடு ஒன்றும் தென்னையும் வரும், போகும். மாமாவின் கோட்டில் கஞ்சி வாசனை. அப்பா மடியில் மாமாவின் குடையும் சர்டிபிகேட் வைத்த தகரப் பெட்டியும். எங்கிருந்தோ ஆற்றுக் காற்று உப்பாக அடித்தபோது, ஊர் வந்துவிட்டது என்றார்கள்.

அந்த ஆபீசைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் நினைத்தபடியே சுற்றிலும் வராந்தா. வெள்ளைச் சுவர்கள், நீளமான ஜன்னல்கள், உள்ளே மேலே விசிறி தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா வழக்கம்போல் செருப்பைக் கழற்றிப் படிக்கட்டில் விட்டுவிட்டு, வராந்தாவில் தூணோரமாக நின்றுகொண்டார். குழாயில் சொம்பை நிரப்பி என் கையில் கொடுத்தார்.

நான் யோசித்தேன். மாமா உள்ளே போவார். அவருக்கு எதிரே வர வேண்டுமென்றால் நான் உள்ளேயிருந்துதானே வர வேண்டும்? இந்தச் சின்ன விஷயம் பெரியவர்களுக்குத் தோன்றவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தண்ணீர் தளும்பாமல் வராந்தாவைச் சுற்றிப் போனேன். பின்பக்கம் ஒரு கதவு திறந்திருந்தது. நுழைந்துவிட்டேன்.

மலாய்க்காரப் பியூன் "மாசோக்" என்று சொல்லி மாமாவை உள்ளே விட்டான். மாமா குட்மார்னிங் சொல்ல வாயெடுத்தார். துரையின் மேஜைக்குப் பக்கத்திலிருந்து நான் நிறைசொம்போடு எதிரே வந்தேன்.

துரை என்னைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். சிவந்த முகத்தில் கோபமா வேறெதுவுமா என்று தெரியவில்லை. மேஜைக்கு எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி ஏதோ சொன்னார். அதில் "சிட் டவுன்" இருந்தது எனக்குக் கேட்டது. மாமா நாற்காலியின் முதுகைப் பிடித்தார். அதே நேரம் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்ட அப்பா, வெறுங்காலோடு, கையில் குடையும் பெட்டியுமாக உள்ளே ஓடிவந்துவிட்டார்.

மாமா கை நாற்காலியிலேயே நின்றுவிட்டது. அவர் உட்காரவில்லை. துரை மறுபடியும் நாற்காலியைக் காட்டினார். மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா கண்ணாலேயே உட்காரச் சொன்னார். மாமாவுக்கு முழங்கால் மடங்கவில்லை. துரை பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவைக் காட்டி ஏதோ கேட்டார்.

அப்பாதான் பதில் சொன்னார். சுருக்கமாக, தலையைக் குனிந்து, இங்கிலீஷில் சொன்னார். எனக்கு அது வெறும் ஓசை. அப்பா இறந்துபோன பிறகு, நானே பிள்ளை பெற்றவளான பிறகுதான், அவர் சொன்னது என்னவென்று மாமா எனக்குச் சொன்னார். "நான் இவர் வீட்டு வேலைக்காரன், ஐயா. இது என் குழந்தை. மன்னிக்க வேண்டும்."

மாமாவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு மாமா உட்கார்ந்தார்.

அப்பா என் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. சீனக் கடையில் எனக்குக் கச்சாங் கடலைப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். "மாமா ஒக்காந்தாங்க பாத்தியா" என்று மட்டும் கேட்டார். அவ்வளவு சந்தோஷமாக அப்பாவை அதற்குமுன் நான் கண்டதில்லை. திரும்பும் வழியெல்லாம் மாமா பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

வேலை கிடைத்தது. சொம்புதான் கிடைக்க வைத்தது என்று அம்மா தோட்டம் முழுவதும் சொல்லிவிட்டாள். அதை யாரும் மறுக்கவில்லை. மாமா பத்து பகாட்டில் வீடு எடுத்துத் தங்கினார். தோட்டம் தோட்டமாகப் போனார்.

ஒருநாள் எங்கள் தோட்டத்துக்கும் வந்தார். காலில் நல்ல சப்பாத்து, தலையில் தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு. ஆபீஸ் ஜன்னலில் தொற்றி நின்று நான் பார்த்தேன். எங்கள் துரை எழுந்து கைகுலுக்கி, தன் எதிரே நாற்காலி போடச் சொன்னார். அப்பா கணக்குப் புத்தகத்தோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். மாமா தலையசைத்து மறுத்துவிட்டு, விசாரணை முடியும்வரை நின்றபடியே கேள்வி கேட்டார், நின்றபடியே எழுதிக்கொண்டார். வேறு வழியில்லாமல் துரையும் உட்காராமல் நிற்க வேண்டியதாயிற்று.

அப்புறம் வீட்டுக்கு வந்தார். அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அப்பா உட்காரச் சொல்லிக் கெஞ்சினார். "இருக்கட்டும் அத்தான்" என்று மாமா கதவோரம் சாய்ந்து நின்றபடியே காப்பி குடித்தார்.

எனக்குப் பெரிய ஏமாற்றம். சர்க்கார் வீட்டில் எல்லோருக்கும் நாற்காலி உண்டு என்று எனக்குச் சொன்னவரே அவர்தானே. அப்பா கை கழுவப் போன நேரம் பார்த்து, "அங்க ஒங்கள ஒக்காரவே விடமாட்டாங்களா மாமா?" என்று கேட்டேன்.

மாமா காப்பித் தம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "விட்டாங்கம்மா. ஒருவாட்டி ஒக்காந்தேன்ல, அது போதும்" என்றார்.

பி.ஏ. படித்தவருக்கு ஒரே ஒரு தடவைதானா என்று எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. யாருக்கும் தெரியாமல் என் முக்காலியை அவர் காலருகே தள்ளி வைத்தேன். அப்பா திரும்பி வந்தார். மாமா காலைச் சேர்த்துக்கொண்டு, இன்னும் நேராக நின்றார்.