பெரிய வட்டம்

பக்கத்தில் படுத்து வளர்ந்தே தம்பியைக் கொன்றுவிடுவேன் என்று நம்பிய காலம் ஒன்று உண்டு. சிரியுங்கள், இப்போது எனக்கும் சிரிப்புதான். அப்போது வியர்த்துக் கொட்டியது.

தானே புயல் எங்கள் குவார்ட்டர்ஸின் கொல்லையை மொட்டையடித்துவிட்டுப் போன மறு வருஷம், அப்பா எங்கள் இருவர் பேரிலும் ஆளுக்கொரு வேப்பங்கன்று நட்டார், பக்கம் பக்கமாக. ஆராய்ச்சிப் படிப்புக்காக எங்களோடு தங்கியிருந்த அத்தை, நிலக்கரி மைன்ஸில் தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் நட்ட மரங்கள் எப்படி வளரும் என்று லேப்டாப்பில் ஒரு கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். அதைச் சோதித்துப் பார்க்க எங்கள் கன்றுகளை அளந்து கணக்கில் ஏற்றி, அவற்றுக்கு எங்கள் பேரையே எழுதினாள்.

திரையில் இரண்டு பச்சை வட்டங்கள். சத்தமே இல்லை. வருஷங்கள் ஓட ஓட, என் வட்டம் பெருத்துத் தம்பியின் மேல் மெல்லப் படர்ந்தது. அவன் வட்டம் சுருங்கியது, சாம்பலானது, மறைந்தது. பேர் மட்டும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அதுவும் போனது. அத்தை மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும் நான்தான் அவனைத் தின்றேன்.

“பெருசு வேணும்னே பண்ணுதா அத்தை?”

“அதுக்கு என்னடா தெரியும்? அதுபாட்டுக்கு வளந்துகினு இருக்கு. வெயிலு, தண்ணி எல்லாத்தையும் அதுவே எடுத்துக்கும். சின்னது காஞ்சுபூடும், அவ்ளோதான்.”

கதவருகே தம்பி இருமினான். அவனுக்கு எப்போதும் வீசிங்.

அன்றிலிருந்து நான் அவன் பக்கத்தில் படுக்கவில்லை. ஜன்னலுக்கும் அவனுக்கும் நடுவில் நிற்கவில்லை, வெயிலை மறைத்துவிட்டால்? என் முட்டையை அவன் தட்டில் தள்ளினேன், சோற்றைப் பாதியிலேயே ஒதுக்கினேன்.

“துப்பி வெச்சியாண்ணா?” என்று சந்தேகமாகக் கேட்டுவிட்டுத் தின்றான்.

“எந்தச் சாமிக்குடா விரதம்? மரியாதையா தின்னு!” என்று அம்மா கத்தினாள். ஆனாலும் கதவில் உயரம் குறித்த கோட்டை என் தலை தாண்டிவிட்டிருந்தது. சாப்பிடாமலே வளர்கிறவனை யார் என்ன செய்ய முடியும்?

ஒரு காலையில் தம்பி கொல்லையிலிருந்து கூவினான்: “அண்ணா, உன் மரம் செத்துப்போச்சு!”

ஓடிப்போய்ப் பார்த்தேன். என் கன்று இருந்த இடத்தில் வெறும் குச்சி. அவனுடையது பச்சையாக நின்றது. பட்டினி பலித்துவிட்டது, தம்பி பிழைத்துவிட்டான் என்று கண்ணீரே வந்துவிட்டது. உள்ளே போய் அம்மாவிடம் ஏழு இட்லி கேட்டேன்.

அத்தையின் கணக்கில் வெயில் இருந்தது, தண்ணீர் இருந்தது. பக்கத்து பிளாக்கிலிருந்து வந்த ஆடு இல்லை. என் கன்றை அதுதான் தின்றிருந்தது.