ரெசினுக்குள் அம்மாவின் முல்லை

கல்யாண மாலைகளை ரெசினில் பதித்துக் கொடுப்பது என் பிழைப்பு. உறுவையாறு கிராமத்தில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் வேலை. ஒரு டப்பாவில் ரெசின், இன்னொன்றில் அதை இறுக வைக்கும் ஹார்டனர். தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் ஊற்றினால் ஓடும். கலந்துவிட்டால் கப்பே சுடும்; மறுநாள் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். "இனி மாறவே மாறாதுங்க, அப்படியே இருக்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வேன்.

போன வருடம் அம்மா இறந்தாள். அதற்கு முந்தின சனிக்கிழமை மாதா படத்துக்கு அவள் கட்டிய முல்லைச் சரத்தை எடுத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளில் புதைத்துக் காயவைத்தேன். அவள் கை கடைசியாகக் கட்டியது அதுதான். பூவோடு பூ இடிக்கிற நெருக்கமான கட்டு. எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. முப்பதாம் நாள் பூசைக்குள் அதை ரெசினில் பதித்து அவள் போட்டோ பக்கத்தில் வைத்துவிட வேண்டும் என்று அப்பாவுக்கு ஒரே தவிப்பு.

"அவ கட்னது உதிர்ந்து பூடக்கூடாதும்மா" என்று தினமும் வந்து நிற்பார்.

அன்று சாயங்காலம் சரத்தை வட்ட அச்சுக்குள் சுற்றி வைத்துவிட்டு, ரெசின் கலக்கப் பின்பக்கம் போனேன். திரும்பி வந்து ஊற்றினேன். மங்கல் வெளிச்சத்தில் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

காலையில் அச்சைக் கழற்றினால் உள்ளே பால் கலந்த மாதிரி வெளுப்பு. அங்கங்கே பிசுபிசுப்பு. முல்லையெல்லாம் ஊறிப் பழுப்பேறிக் கிடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதுல யாருப்பா தண்ணி ஊத்துனது?"

"ஊத்தலம்மா, தெளிச்சேன். மாதா குளத்துத் தண்ணி. வில்லியனூரு மாதா கோயிலுக்குப் போயி எடுத்தாந்தேன்."

புது பைக்கோ, விதைநெல்லோ, காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையோ, எங்கள் வீட்டில் எதற்கும் அந்தத் தண்ணீர்தான் முதலில். அம்மாவின் சவப்பெட்டியை மூடும்முன் அவர் அதைத்தான் தெளித்தார். ரெசினுக்கு ஈரம் ஆகாது என்று அவருக்குத் தெரியும். அவர் கணக்கில் இது ஈரத்தில் சேராது.

"அடுப்புல வெச்சி உருக்கி, பூவ எடுத்துடலாமா?"

"மெழுகு இல்லப்பா இது. ஒருவாட்டி இறுகிட்டா உருகாது. சூடு காட்டுனா கருகத்தான் செய்யும்."

"ஒடச்சா?"

"பூவும் சேந்து ஒடையும்."

துண்டு நுனியால் அந்த வெளுப்பைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு அப்படியே கொண்டுபோய் போட்டோ பக்கத்தில் வைத்தார். பூசைக்கு வந்த சொந்தக்காரி ஒருத்தி, "இன்னா மாமா இது, மசமசன்னு?" என்றாள். "அவ கட்ன பூ" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

பாவம் மனுஷன். இப்போதும் அதைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் காட்டி, "கொஞ்ச நாளானா தெளிஞ்சிடுமாம்மா?" என்று கேட்கிறார். மாறவே மாறாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற என் வாய், அவரிடம் மட்டும், "பாக்கலாம்பா" என்கிறது.