புரட்டாசியை ஏற்காத பெட்டி

ராயப்பராஜ் இறந்து ஒரு மாதம் ஆகிறது. கல்லூரி அனுப்பிய மலர்வளையத்தில் அவர் பெயரைவிடத் தாளாளர் பெயர் பெரிதாக இருந்தது. பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

நத்தம் சாலையிலுள்ள அந்தத் தனியார் கல்லூரியின் வைஃபையைக் கட்டி மேய்த்தவர் அவர். ஒப்பந்த வேலை. வைஃபை ஓடினால் தாளாளரின் தொலைநோக்கு. நின்றால் கூப்பிடு ராயப்பனை.

தாளாளர் பொன்னுத்துரை நாள் பார்க்காமல் நகம்கூட வெட்டமாட்டார். வைஃபையை மொத்தமாக ஆளும் புது கன்ட்ரோலரை ஆவணியின் கடைசி முகூர்த்தத்தில் திறப்பதாகக் கல்வெட்டு அடித்துவிட்டார். பெட்டி வந்ததோ புரட்டாசியில். அந்த மாதத்தில் புதுக் காரியம் தொடங்குவதா? கல்வெட்டை மாற்ற மனம் வரவில்லை. ஆகவே காலத்தை மாற்றினார்கள். தாளாளரின் மைத்துனரும் மேலாளருமான காமராஜ் கன்ட்ரோலரின் தேதியை ஆவணிக்குத் தள்ளினார். கைதட்டி, படம் எடுத்துக்கொண்டார்கள். திரும்ப மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. ராயப்பராஜ் அப்போது வெளியே விருந்தினர்களின் செருப்புகளுக்குக் காவல் நின்றார்.

கூரையில் தொங்கி வைஃபை பரப்பும் ஆக்சஸ் பாயின்ட்கள் ஏற்கெனவே இணைந்திருந்தன; அவற்றைக் கன்ட்ரோலர் ஒன்றும் கேட்கவில்லை. கல்லூரியின் தரத்தைப் பார்க்க ஆய்வுக் குழு வந்த அன்று காலை மின்சாரம் போய் வந்தது. எல்லாம் மறுபடி உள்ளே வரக் கேட்டன. ஒன்றைக்கூட அது விடவில்லை. கூரை முழுக்கச் சிவப்பு விளக்கு.

காமராஜ் ஓடிவந்தார். "அண்ணே, அவுக சாப்பிட்டு எந்திரிக்கிறதுக்குள்ள வைஃபை வரலேன்னா, உங்கள வீட்டுக்குக் கெளம்பச் சொல்லிட்டாரு மச்சான்."

"சோத்துக்குத் தொட்டுக்க வெஞ்சனம் எத்தனை?"

"எதுக்குண்ணே?"

"எம்புட்டு நேரம் இருக்குன்னு தெரியணும்ல."

கேலிதான். ஆனால் ஐம்பத்தாறு வயதில் வேறு எவரும் வேலை தரமாட்டார்கள். வீட்டில் பிள்ளைக்குப் படிப்பு முடியவில்லை.

கேபிளை மாற்றினார். பயனில்லை. கடவுச்சொல்லைச் சோதித்தார். சரியாக இருந்தது. பிறகு தன்னையே சந்தேகித்தார். ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்டுக்கும் மின்னணு அடையாள அட்டை போட்டவர் அவர்தான். அதைப் பார்த்துத்தான் கன்ட்ரோலர் உள்ளே விடும். தன் மடிக்கணினியில் ஒன்றுக்குப் புதிதாகப் போட்டுப் பார்த்தார். அதுவும் நிராகரிக்கப்பட்டது. காரணம்: அட்டை செல்லுபடியாகும் நாள் இன்னும் வரவில்லை.

இப்போதுதானே போட்டது? கன்ட்ரோலரின் தேதியைப் பார்த்தார். போன மாதம்.

"காமராசு, இதுல யாருய்யா கை வச்சது?"

"போட்டோவுக்குண்ணே... கல்வெட்டுத் தேதி வரணும்னு மச்சான் சொன்னாரு."

"புரட்டாசியில போட்ட அட்டைய ஆவணியில நின்னுக்கிட்டுப் பாத்தா, இன்னும் பொறக்கவே இல்லைன்னுதான்யா சொல்லும்!"

தேதியைத் திருத்தினார். விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. அப்போது பொன்னுத்துரை உள்ளே வந்தார். விளக்கைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார்.

"ஏன்யா தேதிய மாத்துன? ஆவணியில தொறந்தது ஆவணியிலயே ஓடட்டும். இன்னைக்குன்னு பாத்துப் புரட்டாசியக் காட்டுனா காரியம் விளங்குமா?"

"பழையபடி வச்சா வைஃபை போயிரும்யா."

"எனக்கு ரெண்டும் வேணும். இல்லேன்னா நீ வேணாம்."

வராந்தாவில் குழுவின் பேச்சுக் குரல் கேட்டது. வரவேற்பு மேசையில் சந்தனக் கிண்ணம் இருந்தது. ராயப்பராஜ் ஒரு விரல் சந்தனத்தை எடுத்து, திரையில் தேதி தெரியும் மூலையில் பெரிய பொட்டாக அப்பினார், நடுவில் குங்குமம். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகும் மனிதர். புரட்டாசி மறைந்தது. தாளாளர் முகம் தெளிந்தது.

குழுத் தலைவி கைபேசியை இணைத்துப் பார்த்தார். உடனே கிடைத்தது. பிறகு திரையைக் காட்டினார். "இது?"

"தொறப்பு விழாவுக்கு வச்சதும்மா," என்று முந்திக்கொண்டார் பொன்னுத்துரை.

"கல்வெட்டுல ஆவணின்னு இருக்கு. சந்தனம் இன்னும் ஈரமா இருக்கே?"

தாளாளருக்கு வியர்த்தது. ராயப்பராஜ் பணிவாகச் சொன்னார்: "நம்ம காலேஜ்ல ஏசி அப்பிடிம்மா."

தலைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். குழு நல்லபடியாகவே எழுதிவிட்டுச் சென்றது. வேலை தப்பியது. அது பொட்டின் மகிமை என்று பொன்னுத்துரை உறுதியாக நம்பினார். மறுநாள் ராயப்பராஜ் ஏணியைத் தூக்கிக்கொண்டு, நூலகத்திலிருந்து பெண்கள் விடுதி வாசல்வரை, கூரையில் தொங்கிய ஆக்சஸ் பாயின்ட் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார்.